பூக்கட்டிக் கேட்ட கெடு

மலையடிவாரத்து மடத்தில் இருந்த சாமிக்கு வயது முப்பத்தொன்பது. அவருடைய சீடர் தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லார் நிலத்துக்கும் எல்லை காட்டிய மனிதருக்குத் தன்னுடைய எல்லை மட்டும் பிடிபடவில்லை என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். கேலியில் பொய் ஒன்றும் இல்லை.

மகள் சிறுபிள்ளையாக இருந்தபோதே அவரைப் பிடித்துக்கொண்டது, காசு வைத்து ஆடும் சீட்டு. ஊர் மனமகிழ் மன்றத்தில் காலையில் போய் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். போன தை மாதம், மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிப் பகலிலும் அங்கேதான் இருந்தார். மகள் கோமதி இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். இந்த ஆட்டம் முடியட்டும் என்று இரண்டு தடவையும் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது தாயின் கண்களை மகளே மூடியிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கோமதி அப்பாவை வீட்டைவிட்டுப் போகச் சொன்னாள். அவர் மடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆறு மாதமாக வாசல் பெருக்கினார், தண்ணீர் இறைத்தார். நடுவில் நான்கு தடவை மன்றத்துக்கும் போய் வந்தார். சாமி எதுவும் கேட்கவில்லை.

மன்றத்தில் ஒரு நோட்டு உண்டு. என்னை உள்ளே விடாதீர்கள் என்று உறுப்பினரே அதில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். எவ்வளவு காலத்துக்கு என்பதையும் அவர்தான் எழுத வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம், ஆயுள் முழுக்க என்று நாலு கெடு. எழுதிவிட்டால் குறைக்க முடியாது. அந்தக் கெடு முடியும் வரை காவலாளியின் காலில் விழுந்தாலும் கதவு திறக்காது.

கோமதி ஒருவர் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். நோட்டில் எழுதிவிட்டு வந்தால் அப்பா வீட்டுக்கு வரலாம். சனிக்கிழமை வரை பார்ப்பாளாம். அதற்கப்புறம் வீட்டைப் பூட்டிவிட்டுப் புருஷனோடு வெளியூர் போய்விடுவாளாம், யாரும் தேடி வர வேண்டாமாம்.

வெள்ளிக்கிழமை காலையில் தில்லைநாயகம் சாமியிடம் வந்தார். சாமி மதியச் சமையலுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எவ்வளவு காலம்னு எழுதட்டும் சாமி?"

"மக என்ன சொல்லுது?"

"அத நீங்களேதான் எழுதணும்னுட்டா."

"நீங்க என்ன நெனைக்கிய?"

தில்லைநாயகம் எல்லாப் பக்கமும் யோசித்துத்தான் வைத்திருந்தார். ஆறு மாதம் என்றால் மகள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். ஒரு வருடம் என்று எழுதினால், முடிகிற தேதியை இன்றைக்கே மனசு எண்ணத் தொடங்கிவிடும். ஐந்து வருடம் போனால் வயது அறுபத்து மூன்று. ஆயுள் முழுக்க என்று எழுதுவதற்குக் கையே வரவில்லை. இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, துண்டில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தார். வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய நாலு பொட்டலம்.

நம் ஊரில் சம்பந்தம் பேசினாலும் வீடு வாங்கினாலும் தெய்வத்தின் முன்னால் இப்படிப் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். எடுக்கிற பொட்டலத்தில் எந்தப் பூ இருக்கிறதோ அதுவே உத்தரவு. தில்லைநாயகம் ஆறு மாதத்துக்கு வெள்ளை நந்தியாவட்டை வைத்திருந்தார். ஒரு வருடத்துக்கு அரளி, ஐந்துக்குச் செவ்வந்தி, ஆயுளுக்குத் துளசி.

"யாரு எடுக்க?" என்றார் சாமி.

"நீங்கதான். கள்ளமில்லாத மனசு எடுக்கணும்பாங்க."

சாமி சிரித்துவிட்டார். கீரையை ஒதுக்கி வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பொட்டலங்களை இரண்டு கையாலும் குலுக்கிப் பிள்ளையார் முன்னால் போட்டார். ஒன்றின் மேல் கையைக் கொண்டுபோனார். அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தி, அடுத்ததன் மேல் நகர்த்தினார். அங்கும் எடுக்கவில்லை. அவர் பொட்டலங்களைப் பார்க்கவே இல்லை, தில்லைநாயகத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

"என்ன செய்யுது அய்யா?"

"நெஞ்சு அடிச்சுக்கிடுது."

"பயமா?"

தில்லைநாயகத்துக்குச் சாமியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இல்ல சாமி. நல்லா இருக்கு."

"எந்தப் பூ வரணும்னு இருக்கு?"

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டு, "வெள்ள" என்றார்.

சாமி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரிக்காமலே அதைத் தில்லைநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"கொண்டு போயி கோமதி கையில குடுங்க. அது பிரிச்சுப் பாக்கட்டும்."

தில்லைநாயகம் பதறிப்போனார். "வேண்டாம் சாமி. அவளை எதுக்கு இந்த ஆட்டத்துல இழுக்கணும்? அவ சீட்டைக் கையால தொட்டவ கெடையாது."

"நீங்க ஒரு ஆள்தான் ஆடுனதா நெனச்சுக்கிட்டு இருக்கிய," என்றார் சாமி. "அந்தப் பிள்ள உங்க மேல வச்சுல்லா ஆடிச்சு. இன்னைக்கு வந்துருவாரு, இன்னைக்கு வந்துருவாருன்னு தெனமும் வச்சுது. ஆஸ்பத்திரியிலயும் ரெண்டு தடவ வச்சுது. ஒருக்காகூட ஜெயிக்கல."

தில்லைநாயகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவியைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று வராத அழுகை இப்போது வந்தது. சாமி அவரைத் தேற்றவில்லை. திரும்பவும் கீரையை எடுத்து வைத்துக்கொண்டு ஆயத் தொடங்கினார்.

அழுது முடிக்க நெடுநேரம் ஆயிற்று. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தில்லைநாயகம் பழைய கேள்வியையே கேட்டார்.

"அப்போ நான் எவ்வளவு காலம்னு எழுத?"

சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பிள்ள எவ்வளவு காலம் தோத்துது அய்யா?"