தம்பியின் வெற்றுக் கட்டம்

“டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர் என்னையக் கவுத்திருச்சு!”

கோவில்பட்டியில் ஜெபமாலை டீச்சர் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்புக்குள், லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி நுழைந்தார் வெங்காய மண்டி அய்யாத்துரை. ஊருக்கே அவர் அண்ணாச்சி. இங்கே மட்டும் மாணவர், அதிலும் அடங்காத மாணவர்.

“உட்காருங்க அண்ணாச்சி. மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க.”

மூச்சு வாங்காமலே சொன்னார்.

குலதெய்வக் கோயில் கொடைத் திருவிழாவுக்காக அண்ணாச்சி கம்ப்யூட்டரில் ஒரு வம்ச மரம் செய்திருந்தார். கொள்ளுத் தாத்தாவில் தொடங்கிப் போன மாதம் பிறந்த பேத்தி வரை ஆளுக்கொரு கட்டம், கட்டத்துக்கொரு படம்.

அவருக்கு ஒரே தம்பி, தங்கப்பழம். அண்ணன் மகள் கல்யாணத்தில் தன்னை யாரும் பந்திக்கு அழைக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனவன், பல வருஷம் கழித்து இப்போதுதான் போனில் பேச ஆரம்பித்திருந்தான். கொடைக்கு வருகிறேன் என்றும் சொல்லியிருந்தான். அந்தச் சந்தோஷத்தில் அண்ணாச்சி மரத்தை அவனுக்கு மெயிலில் அனுப்பிவைத்தார்.

தம்பி தன் கம்ப்யூட்டரில் திறந்தான். முதலில் தன் கட்டத்தைத்தான் தேடினான்; யார்தான் தேட மாட்டார்கள்? பெயர் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது.

“‘ஏண்ணே, என் மூஞ்சிய அழிச்சிட்டுப் பேர மட்டும் விட்டு வச்சிருக்கீயளோ? கொடைக்கு நான் வரல’ன்னு போன வச்சிட்டான் டீச்சர். அடுத்த கட்டத்துல யாரு மூஞ்சி இருக்குன்னு கூடப் பாக்கல. என் லேப்டாப்புல பாருங்க, மீசையோட சிரிச்சிக்கிட்டு இருக்கான்!”

ஒட்டிய உறவு மறுபடி விட்டுப்போகிறதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

டீச்சர் ஒரு தாளை எடுத்தார்.

“உங்க தம்பி வீட்டுக்கு வழி சொல்லுங்க.”

“எதுக்கு?”

“சொல்லுங்க.”

“தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல எறங்கிக் கிழக்க போனா ஒரு ரைஸ் மில்லு. அதுக்கு எதுத்த சந்துல மூணாவது வீடு. பச்சை கேட்டு.”

டீச்சர் எழுதினார். தாளை மடித்துக் காலி நாற்காலியில் வைத்தார்.

“வாங்க தம்பி, மோர் குடிக்கிறீங்களா?” என்று அந்தத் தாளிடம் கேட்டார்.

அண்ணாச்சி டீச்சரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “நல்லாத்தான இருக்கீய?”

“தம்பி இன்னும் வரலையா?”

“வழியத்தான டீச்சர் எழுதுனீய! ஆளு அவன் வீட்டுல இருக்கான். இங்கன எப்படி...”

தாளைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார்.

“அட கூறுகெட்டவனே!” என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். “அப்ப மரத்துக்குள்ள படமே இல்லியா? படம் கெடக்குற எடத்துக்கு வழி மட்டுந்தானா? படமெல்லாம் என் லேப்டாப்புல கெடக்கு. அவன் அங்க தேடுனா எப்படிக் கெடைக்கும்?”

டீச்சர் பென் டிரைவை நீட்டினார்.

மரத்தோடு படங்கள் இருந்த ஃபோல்டரையும் அதில் ஏற்றினார்கள். டீச்சரின் கம்ப்யூட்டரில் போட்டு, படங்கள் இருக்கும் புது இடத்தைக் காட்டியதும் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. தங்கப்பழமும் மீசையோடு வந்தான். அண்ணாச்சி கைதட்டியே விட்டார்.

“கூரியர்ல போட்டா கொடைக்கு முந்திப் போயிரும்லா? மரம் ஏத்தியாச்சு, படம் ஏத்தியாச்சு. இன்னும் எதும் விட்டுப்போச்சா டீச்சர்?”

“ஒண்ணு விட்டுப்போச்சு.”

“எந்த ஃபைலு?”

டீச்சர் பென் டிரைவை அவர் சட்டைப்பையில் போட்டார். எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி விழித்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முகம் கொள்ளாமல் ஒரு சிரிப்பு வந்தது.

“தூத்துக்குடிக்கு அடுத்த பஸ்ஸு எப்ப டீச்சர்?” என்று அவர் கேட்டபோது, ஏற்கெனவே பாதிப் படி இறங்கியிருந்தார்.