வாசல்படி மட்டும் பழசு

புதுக் கட்டடங்களில் இனி கேஸ் கூடாது, கரண்ட் அடுப்புதான் என்று பேரூராட்சியில் விதி போட்டார்கள். தலைவர் வேலாயுதம் ஆட்களோடு வந்து, புதிதாகக் கட்டிய இட்லிக் கடையிலிருந்து கேஸ் அடுப்பைத் தூக்கச் சொன்னார். கடைக்காரி செல்லக்கிளி குறுக்கே நின்றாள்.

"உங்க புது மாடி வீட்டுல மட்டும் கேஸ் எரியுதுங்களே?"

"அது பழைய வீடும்மா. பழைய வாசல்படியை விட்டுவச்சுத்தான் கட்டினேன்."

"நானும் பழைய கடையோட வாசல்படியைத்தான் போட்டிருக்கேன். அப்ப இதுவும் பழசு. ரெண்டும் புதுசுன்னா, முதல்ல உங்க அடுப்பை இறக்குங்க. அப்புறம் என் அடுப்பை நானே இறக்குறேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைவரின் முகத்தையே பார்த்தார்கள். அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

மறுநாள் தலைவர் வீட்டு சிலிண்டர் தெருவுக்கு வந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் செல்லக்கிளி கரண்ட் அடுப்பு வாங்கக் கிளம்பினாள்.