எல்லோருக்கும் தெரிந்த பக்கம்

தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் ஒரு சத்தம். ஜோலார்பேட்டையில் ரயில் டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில், பக்கத்து அறையில் யாரோ சீட்டுக் கலைத்தார்கள். கனகசபாபதிக்கு அப்போது இருபத்தாறு வயது. அடுத்த வண்டி எடுக்க மூன்று மணி நேரம்தான் இருந்தது. போர்வையை இழுத்து மூடித் தூங்கிவிட்டார். எஞ்சின் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே அந்தச் சத்தத்தைத் தேடிப்போக நேரம் வாய்த்தது.

ஈரோட்டில் ஒரு சைக்கிள் கடை மாடியில் செவ்வந்தி போக்கர் சொல்லிக்கொடுத்தாள். காசு கிடையாது, புளியங்கொட்டைதான் பந்தயம். அறுபத்திரண்டு வயதுச் சீடர், முப்பத்துநாலு வயதுக் குருவை 'டீச்சர்' என்றார். அவள் 'சார்' என்றாள்.

புதுச்சேரிப் போக்கர் போட்டிக்கு வகுப்பிலிருந்து நால்வர் போகவேண்டும். மூவர் முடிவாகிவிட்டது. நான்காவது இடத்துக்குக் கனகசபாபதியும் மருந்துக்கடை ஜெயசீலியும். நான்கு மணிக்கு டீ வரும்போது யாரிடம் கொட்டை அதிகமோ அவருக்கு இடம். கனகசபாபதி போன வாரமே பெட்டி கட்டிவிட்டார்.

ஆட்டத்துக்கு முன் ஒரு புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"டீச்சர், நீங்க குடுத்த புத்தகம். முதல் பக்கத்துல என்ன போட்டிருக்கு பாருங்க. 'சீட்டு மோசமாக இருந்தால் ஆட்டத்திலிருந்து விலகு.' இதைச் சொல்ல ஒரு புத்தகமா? பசிச்சா சாப்பிடுன்னு எழுதின மாதிரி இருக்கு."

"அடுத்த பக்கத்துல கை கழுவுன்னு இருக்கும் சார்," என்றாள் ஜெயசீலி.

"எல்லாருக்கும் தெரிஞ்சது எதுக்கு டீச்சர்? கிழிச்சுட்டா கனமாவது குறையும்."

"கிழிங்க," என்றாள் செவ்வந்தி.

அவர் திகைத்தார்.

"கிழிச்சுக் கையில வெச்சுக்கங்க. ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பார்த்ததும் அதைச் சத்தமாப் படிங்க. அப்புறம் ஆடுங்க."

ஸ்கேல் வைத்து நேராகக் கிழித்தார். செவ்வந்தி ஆளுக்கு இரண்டு சீட்டு போட்டாள். அவற்றை நடுவில் திறக்கப்போகும் ஐந்து சீட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"சீட்டு மோசமாக இருந்தால் ஆட்டத்திலிருந்து விலகு!" என்று பள்ளிக்கூடப் பையன்போல் ராகம் போட்டார். ஜெயசீலி சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே விலகினார், படித்தார், ஆடினார், படித்தார், விலகினார். நான்கு மணி ஆகப்போகும்போது அவர் பக்கத்துக் குவியல்தான் பெரிது.

கடைசி ஆட்டம். முறைப்படி முதல் பந்தயமாக ஒரு பிடி கொட்டையை நடுவில் போட்ட பிறகே சீட்டைப் பார்த்தார். இரண்டும் ஏழும். ஜோடி சேரவில்லை, ஒரே இனமும் இல்லை. இதைவிட மோசமான கை போக்கரில் கிடையாது.

"ஆட்டத்திலிருந்து விலகு!" என்று கணீரென்று படித்து முடித்து, இன்னொரு பிடியை உள்ளே தள்ளினார்.

நடுவில் ஒரு ஏழு திறந்து, அவருடைய ஏழோடு ஜோடி சேர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது. குவியல் முழுவதையும் தள்ளினார்.

"ரெண்டு ராஜா சார். கோவிச்சுக்காதீங்க," என்றாள் ஜெயசீலி. கொட்டைகளை இரண்டு கையாலும் வழித்து மடியில் போட்டுக்கொண்டாள்.

டீ வந்தது.

"படிச்சீங்களே சார்?" என்றாள் செவ்வந்தி.

"படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

"புரியாம என்ன டீச்சர்! ஒரு பிடி உள்ளே போயிருச்சே. ஓடற வண்டியை ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல நிறுத்த எனக்கு என்னைக்குமே மனசு வராது."

"சிக்னல் தெரிஞ்சா எஞ்சினுக்குள்ள என்ன பண்ணுவீங்க?"

"என்ன நிறம்னு சத்தமாச் சொல்லணும். நான் 'பச்சை'ம்பேன். உதவி டிரைவரும் பார்த்துட்டு 'பச்சை'ம்பான். சிவப்புன்னா ரெண்டு பேரும் 'சிவப்பு'. ஒவ்வொரு சிக்னலுக்கும் அப்படித்தான். அது விதி."

"எத்தனை வருஷம் சொன்னீங்க?"

"முப்பத்தாறு."

"ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாத் தெரியுமே சார்?"

கனகசபாபதி கிழித்த பக்கத்தைப் புத்தகத்தில் அதன் பழைய இடத்தில் பொருத்திப் பார்த்தார். டீயில் ஆடை படிந்தது. ஜெயசீலி பக்கம் திரும்பினார்.

"உங்க கடையில செல்லோடேப் இருக்குமாம்மா?"

அந்த வருஷம் புதுச்சேரிக்கு ஜெயசீலி போனாள். கனகசபாபதி அடுத்த வருஷம் போய், அறுபது பேரில் பதினோராவதாக வந்தார்.