உச்சிச் சத்திரத்துப் பாய்கள்

அறுபதை நெருங்கும்போதுதான் திருமேனிக்கு ஒரு குரு வாய்த்தார். குரு எழிலம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதனால் அவர் சீடரை 'நீர்' என்பார். சீடர் அவரைத் 'தாயே' என்பார்.

நகரத்தில் முப்பது வருடம் கணினிகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், நிம்மதி தேடி மலைக்கு வந்தவர் திருமேனி. மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலையும் கணினிதான். பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று.

மடத்துக்கு மூன்று சத்திரங்கள்: அடிவாரத்தில் ஒன்று, நடுமலையில் ஒன்று, உச்சியில் ஒன்று. உச்சியில் படுக்கப் பன்னிரண்டே பாய்கள். யாத்திரை வருகிறவர்கள் அவற்றை மூன்றில் எந்தச் சத்திரத்திலும் பதிந்துகொள்ளலாம். ஒரு கணினியில் பதிந்தது மற்ற இரண்டுக்கும் தானே போய்ச் சேரும், மலையில் சிக்னல் இருந்தால்.

ஆடி மாதக் கூட்டத்தில் சிக்னல் கொஞ்சம் பிந்தியது. கடைசிப் பாயை அடிவாரத்தில் ஒருவருக்கும், நடுமலையில் இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டார்கள். இருவரும் சீட்டை நீட்டிக்கொண்டு உச்சியில் வந்து நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் திருமேனியின் மானம் கப்பலேறியது.

மறுவாரமே விதியை மாற்றினார். மூன்று கணினியும் ஒரே பதிலைச் சொன்னால்தான் பாய். ஒன்று பேசாவிட்டாலும் யாருக்கும் கிடையாது. அதற்குப் பிறகு ஒரு பிசகும் வரவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஐப்பசி மழையில் நடுமலை செல்போன் கோபுரம் சாய்ந்தது. அன்று பிற்பகல் உச்சியில் பொறுப்பாக இருந்தவர் திருமேனிதான். ஏழு பேர் தொப்பலாக நனைந்து வந்து பாய் கேட்டார்கள். நடுமலைக் கணினி வாயைத் திறக்கவில்லை. கோபுரம் சாயுமுன் அங்கே யார் யாருக்குப் பாய் கொடுத்தார்களோ, யார் கண்டது. சீட்டு இல்லாதவரை உள்ளே விடும் வழக்கமும் இல்லை. இதோ பதில் வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று திரையைப் பார்த்தபடியே அவர்களை வாசலில் நிறுத்தி வைத்தார். உள்ளே பன்னிரண்டு பாய்களும் சுருட்டினபடி காய்ந்து கிடந்தன.

மூன்று மணி நேரம். பொன்னுரங்கம் என்ற முதியவர் சுருண்டு விழுந்த பிறகுதான் கதவு திறந்தது.

மறுநாள் காலை அடிவாரத்து டாக்டர் ஏறி வந்து பார்த்தார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். எழிலம்மை முதியவரின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்.

திருமேனி நிலைப்படியைத் தாண்டவில்லை. இந்த வேலையிலிருந்து தன்னை விடுவிக்க வேண்டும் என்று கேட்டார். குரு துணியைப் பிழிந்தார்.

"எனக்கு முடியல, தாயே. கேட்டதும் கொடுத்தேன், ஒரு பாய்க்கு ரெண்டு பேர் வந்தாங்க. சரிபார்த்துக் கொடுக்கலாம்னு நிறுத்தினேன், இப்படி ஆயிடுச்சு. கோபுரம் விழுந்தா ரெண்டுல ஒண்ணு தப்பாத்தான் போகும். நான் எந்தத் தப்பைச் செய்யட்டும்?"

எழிலம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆடியில ரெண்டு பேர் வந்தாங்களே, அதை எப்படித் தீர்த்தீர்?"

"கையெடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தருக்கு என் பாயைக் கொடுத்துட்டுச் சுவத்துல சாஞ்சு கிடந்தேன்."

"அப்புறம்?"

"எனக்கு ஒரு வாரம் முதுகுவலி. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே ஒண்ணா மலை இறங்கினாங்க."

எழிலம்மை அவரை அருகில் வரச் சொன்னார். அவர் கையைப் பிடித்து முதியவரின் நெஞ்சின்மேல் வைத்தார். உடம்பு கொதித்தது. ஒவ்வொரு மூச்சும் உள்ளே கரகரத்து, நின்று, பிறகு வந்தது.

"இதை எப்படித் தீர்ப்பீர்?" என்று கேட்டார் குரு.

திருமேனி கையை எடுக்கவில்லை.