பேர் போட்ட தட்டு

தூத்துக்குடியில் 'பத்தாம் நம்பர் கூண்டு' என்று ஒரு பாட்டுக் கோஷ்டி இருந்தது. துறைமுகத்தில் அந்தக் கூண்டு ஏறினால் பெரும் புயல் என்று அர்த்தம். ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். இவர்கள் மேடை ஏறினாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். கிதார் வாசித்துப் பாடுகிறவன் கொம்பையா. ஆர்கன் லிங்கதுரை. டிரம்ஸ் பிச்சைக்கனி. மூவரும் தங்கமான பிள்ளைகள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். தொந்தரவே அதுதான்.

இதில் பிச்சைக்கனிக்கு மட்டும் ஒரு தனிக் கவலை. உப்பளக்காரர் தவசிமுத்துவின் மகள் செல்லக்கிளி மேல் அவனுக்கு உயிர்; அவளுக்கும்தான். பெண் கேட்கப் போனபோது தவசிமுத்து மீசையைத் தடவினார்.

"டமடமன்னு தட்டுதவனுக்கெல்லாம் பொண்ணு தர முடியாது. உம்ம பேரு போட்ட தட்டு ஒண்ணு கொண்டாரும். எங்க வீட்டுக் கிராமபோன்ல வச்சுக் கேக்கேன். அப்புறம் நாம தாம்பாளத் தட்டு மாத்திக்கிடலாம். ஆவணி முடியுத வரைக்கும் பாப்பேன். இல்லன்னா கோவில்பட்டி மாப்பிள்ளைதான்."

பிச்சைக்கனி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் கடிதம் போட்டான். பதிலும் வந்தது.

'ஸ்டூடியோவில் எடுத்த பாட்டு இங்கே மலைபோல் கிடக்கிறது. எங்களுக்கு வேண்டியது லைவ். ஜனங்கள் முன்னால் பாடி, அப்படியே டேப்பில் பிடித்து நேரில் கொண்டு வாருங்கள். கைதட்டலுக்குத் தனி மைக் வையுங்கள். டேப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். மேனேஜர்.'

மூவரும் கடிதத்தை நடுவில் வைத்து யோசித்தார்கள்.

"கைதட்டலுக்குத் தனி மைக்குன்னா என்னல அர்த்தம்?" என்றான் லிங்கதுரை.

"மைக்கு ஒண்ணு, ஆளு முந்நூறு. எல்லாரும் ஒரே நேரத்துல எப்படிப் புழங்க முடியும்? வரிசைலதான் வரணும்" என்றான் கொம்பையா.

"பொம்பளைகளுக்குத் தனி வரிசை" என்றான் பிச்சைக்கனி. கூட்டத்தில் செல்லக்கிளி நசுங்கிவிடுவாளே என்று அவனுக்குப் பயம்.

கச்சேரி நாள் வந்தது. முதல் பாட்டு முடிந்ததும் ஜனங்கள் கையைத் தூக்கினார்கள். கொம்பையா பதறிப் போய், "யாரும் தட்டாதீக! வரிசைல வாங்க!" என்று கத்தினான்.

ஊர் ஜனங்கள் நல்லவர்கள். ரேஷன் கடை மாதிரி இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து தட்டிவிட்டுப் போனார்கள். "ஏ தம்பி, ஆளுக்கு எத்தனை தட்டு?" என்று கேட்டார் ஒரு பெரியவர். "மூணு" என்றான் லிங்கதுரை. அவர் நாலு தட்டிவிட்டதாகப் பின்னால் நின்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

பாதி வரிசை நகர்வதற்குள், மேடை ஓரத்தில் டேப்ரிக்கார்டரில் ஓடிக்கொண்டிருந்த கேசட் ஒரு பக்கம் முடிந்து 'டக்' என்று நின்றுவிட்டது. பிச்சைக்கனிக்கு நெஞ்சே நின்றுவிட்டது.

"ஏல, நிறுத்தாதீகன்னு எழுதியிருக்கே! செல்லக்கிளி போச்சே!"

"அழாத. திருப்பிப் போட்டு ரெக்கார்டு பட்டனை அமுக்கு. நிக்க நிக்கத் திருப்பு" என்றான் கொம்பையா.

அப்படியே செய்தார்கள். அந்தப் பக்கம் முடிந்தால் இந்தப் பக்கம், இந்தப் பக்கம் முடிந்தால் அந்தப் பக்கம். கச்சேரி முடிந்தும் நிறுத்தவில்லை. ஓடுகிற டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டே மெட்ராஸ் ரயில் ஏறினார்கள். முறை வைத்துத் திருப்பினார்கள். மூன்று தரம் பாட்டரி மாற்றினார்கள்.

மேனேஜர் கேசட்டைப் போட்டுக் கேட்டார். திருப்பித் திருப்பிப் பிடித்ததில் பாட்டெல்லாம் அழிந்து போயிருந்தது. ஒரு பக்கம் முழுக்க எழும்பூர் ஸ்டேஷன் போர்ட்டர்களின் சண்டையும் குதிரைவண்டிச் சத்தமும். மறுபக்கத்தில் அவருடைய குரலே வந்தது: "வாங்கய்யா, உட்காருங்க. அதை ஏன்யா மடியில வச்சிருக்கீங்க?"

"உங்க குரலு நல்லா விழுந்திருக்கு சார்" என்றான் லிங்கதுரை மரியாதையாக.

மேனேஜர் எழுந்து நின்றார். மேசை நடுங்கியது. "தட்டா வேணும் உங்களுக்கு? நேரா பாத்திரக் கடைக்குப் போங்கய்யா!"

வெளியே வந்ததும் பிச்சைக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆயிரந்தான் இருந்தாலும் படிச்ச மனுசன். வழி சொல்லிட்டாரு பாரு."

நேராகப் பாத்திரக் கடைக்குப் போனார்கள். எவர்சில்வர் தட்டு ஒன்று எடுத்து, 'டி. பிச்சைக்கனி, டிரம்ஸ்' என்று பேர் வெட்டச் சொன்னார்கள். நடுவில் ஓர் ஓட்டையும் போடச் சொன்னார்கள்.

"ஏன் தம்பி, ரசம் ஒழுகிடாதா?" என்றார் கடைக்காரர்.

"இது லைவுங்க" என்றான் கொம்பையா.

ஆவணி கடைசி நாள். தவசிமுத்து வீட்டுக் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். கோவில்பட்டி மாப்பிள்ளையும் ஓரமாக வந்து உட்கார்ந்திருந்தார். தவசிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தார். பேர் இருந்தது. கிராமபோனில் வைத்துச் சாவி கொடுத்து, முள்ளை இறக்கினார். வெட்டிய எழுத்து ஒவ்வொன்றிலும் முள் இடறி விழுந்தது. கர்ர்ர்... டக டக டக... கர்ர்ர்... டக டக டக.

தவசிமுத்து கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"பாட்டு ஒண்ணும் வெளங்கல" என்றார். பிறகு தலையை ஆட்டினார். "ஆனா டிரம்ஸ் நல்லா விழுந்திருக்கு. தாம்பாளத்தை எடுங்க!"

சந்தோஷத்தில் கூடமே கையைத் தூக்கியது. கொம்பையா நடுவில் பாய்ந்து இரண்டு கையையும் விரித்தான்.

"யாரும் தட்டாதீக! ஏல லிங்கதுரை, மைக்கை எடுத்துட்டு வா!"

பெண்கள் வரிசையில் முதல் ஆளாகச் செல்லக்கிளி போய் நின்றாள்.