வெள்ளிக் கிண்ணத்துக்கு அடியில யாரு?

ஒரு ஊர்ல ஒரு வெள்ளித் தட்டாரு இருந்தாராம். நம்ம ஊர் இல்ல, பர்மாவுல, ஐராவதி ஆத்தங்கரையில. காலை ஆட்டாமப் படு தேனு. ம் கொட்டுனாத்தான் அத்தை சொல்லுவேன். ம்?

ம்.

தட்டாரு பேரு போ தின். அவருக்கு ஒரே பொண்ணு, மியா. உன் வயசுதான், ஆனா உன்னை மாதிரி வாயாடி இல்ல. அம்மா செத்துப்போன பிள்ளை, பாவம். அப்பாதான் தலை சீவி உச்சிக்கொண்டை போட்டு விடுவாரு. சுத்தியல் பிடிக்கிற கையில கொண்டை எப்படி நிக்கும்? எப்பவும் ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

அப்போ தேக்கு வியாபாரம் பண்ற டாவ் சோங்கிற அம்மா வந்து, "பௌர்ணமிக்குக் கோயில்ல பிக்குவுக்கு அன்னம் குடுக்கணும், பெரிய வெள்ளிக் கிண்ணம் ஒண்ணு செஞ்சு குடுப்பா. சுத்தி புத்தர் கதை இருக்கணும்"னு சொன்னாங்க. எந்தக் கதை தெரியுமா? புத்தர் முன் ஜென்மத்துல ராசகுமாரனா இருந்த கதை. யாரு எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லாத ராசகுமாரன்.

அப்புறம் வேலை ஆரம்பிச்சுது. டொக் டொக், டொக் டொக். உள்ள இருந்து தட்டுனா வெளியில புடைச்சுக்கிட்டு வரும். முதல்ல வெள்ளை யானை வந்துது. ராசகுமாரன் அதை தானம் பண்ணிட்டான். அப்புறம் தேரு வந்துது, அதையும் தானம் பண்ணிட்டான். அப்புறம் ரெண்டு பிள்ளைங்க வந்துதுங்க. ஒரு கிழவன் வந்து பிள்ளைங்களைக் கேட்டான். அவங்களையும் குடுத்துட்டான்.

என்னது? ஆமாடி, பெத்த பிள்ளைங்களைத்தான். மியாவும் உடனே, "அப்பா, அவங்க திரும்பி வந்தாங்களா?"ன்னு கேட்டா. "வந்தாங்க கண்ணு. கடைசிப் படம் அதான், எல்லாரும் வீட்டுக்கு வர்றது"ன்னாரு.

அவ ஏன் கேட்டா தெரியுமா? அவளோட அத்தை ஆத்துக்கு மேல வேற ஊர்ல இருந்தாங்க. "தாயில்லாப் பிள்ளைய நீ எப்படிடா வளப்பே? கிண்ணம் முடிஞ்சதும் படகுல வந்து நான் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லியிருந்தாங்க. அப்பாவும் சரின்னுட்டாரு. என்னை எதுக்கு முறைக்கிற? அந்த அத்தையும் நல்லவங்கதான்.

ம்.

கிண்ணம் முடிஞ்சா படகு வந்துரும். அதனால போ தின்னுக்குக் கை ஓடல. அந்தப் பிள்ளைங்க படத்தையே தட்டிக்கிட்டு இருந்தாரு. டொக்... டொக்... கன்னம் கொஞ்சம், கை கொஞ்சம், பாவாடை மடிப்பு கொஞ்சம்னு பிள்ளைங்க பெருசாகிக்கிட்டே போனாங்க. ஒருநாள் நிமிந்து பாத்தா, படம் கிண்ணத்தை முழுசா சுத்தி வந்தாச்சு. வெள்ளை யானையோட வாலு இடிக்குது. வீட்டுக்கு வர்ற படத்துக்கு இடமே இல்ல.

முதல்ல அந்த இடுக்குல தட்டிப் பாத்தாரு. தலையெல்லாம் கடுகாட்டம், ஆளே தெரியல. அப்புறம் விளிம்புல தட்டிப் பாத்தாரு. வெள்ளி மெலிஞ்சு, விரிசல் விடப் பாத்துது, விட்டுட்டாரு. மூணாவதா, யானையை அமுக்கிட்டு அங்க போடலாமான்னு உளியை எடுத்தாரு. யானை போனா கதை ஏது? உளியைக் கீழ வச்சிட்டாரு.

மியா பாத்துக்கிட்டே இருந்தா. "இடமில்லேன்னா அவங்க வரவே மாட்டாங்களாப்பா?"ன்னா. அவரு அவளை வெளியில விளையாட அனுப்பிட்டுக் கதவைச் சாத்துனாரு. மத்தியானம் பூரா உள்ள டொக் டொக், டொக் டொக்.

ம்... சொல்லு அத்தை.

சொல்றேன். அப்புறம் பௌர்ணமியும் வந்துது, அத்தையோட படகும் வந்துது. துணிமூட்டையைக் கட்டிப் படகுல வச்சாச்சு. கோயிலுக்குப் போயிட்டு அப்படியே கிளம்பலாம்னு எல்லாரும் போனாங்க. மியா கூட்டத்துல முன்னால, கீழ உக்காந்திருக்கா. கண்ணு ரெண்டும் குளமாட்டம் இருக்கு.

அந்த ஊர் வழக்கம் என்னன்னா, சோறு நிறைச்ச கிண்ணத்தை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டுட்டுத்தான் பிக்குவுக்குக் குடுப்பாங்க. டாவ் சோ அம்மா தூக்குனாங்க. பெரியவங்க எல்லாரும் சுத்தியிருக்கிற யானையையும் தேரையும் பாத்தாங்க. கீழ உக்காந்திருந்த மியாவுக்குத்தான் அடிப்பக்கம் தெரிஞ்சுது.

அடியில போ தின் எப்பவும் ஒரு மயிலு தட்டுவாரு. அவரு கைமுத்திரை அது. அதைப் பாத்துத்தான் யாரு செஞ்சதுன்னு ஊரு சொல்லும். அன்னைக்கு மயிலு இல்ல. ஒரு வீட்டு வாசல், ஒரு அப்பா, மடியில ரெண்டு பிள்ளைங்க. அதுல பொண்ணு தலையில கொண்டை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு.

"அப்பா, வந்துட்டாங்க"ன்னா மியா.

டாவ் சோ அம்மா கிண்ணத்தைக் குடுத்துட்டு வந்து, "ஏம்ப்பா, உன் மயிலு எங்க?"ன்னு கேட்டாங்க. "அந்த இடத்துக்கு வேற ஆளு வந்துட்டாங்க தாயி"ன்னாரு.

அப்புறம் படகுத்துறைக்கு வந்து, மூட்டையை அவரே இறக்குனாரு. "அக்கா, பிள்ளை என்கூடவே இருக்கட்டும். கொண்டையை நேரா போட மட்டும் எனக்குக் கத்துக் குடுத்துட்டுப் போ"ன்னாரு. அந்த அத்தை கரையிலயே உக்காந்து, மியா முடியை அவுத்து, சீவி, இப்படிச் சுத்து, இப்படிச் செருகுன்னு சொல்லிக் குடுத்தாங்க. குடுத்துட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஏறுனாங்க. சளக் சளக்னு துடுப்பு போட்டுப் படகு கிளம்புச்சு.

நேரா போட வந்துச்சா அத்தை?

எங்க வந்துச்சு? மறுநாளும் சாஞ்சுதான் இருந்துது. மியா அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே திரிஞ்சாளாம்.

படகு போயிருச்சு, பிள்ளை வீட்டுக்கு வந்துருச்சு, கதையும் தீந்துருச்சு. நீயும் கண்ணை மூடு என் தங்கம். தூங்கு.