மஞ்சள் நாடா கட்டிய மரம்

கடலோரச் சிற்றூர் ஒன்றில் பெர்பெத்தம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். எதற்கெடுத்தாலும் பயம் அவளுக்கு. ஒரு வருஷம் கடல் மணலை அரித்ததில், பழங்காலத்தில் உடைந்துபோன கப்பலின் மரங்கள் கரையில் தலைகாட்டின. ஊரில் பாதி வீடுகளுக்கு உத்தரம், முன்பு கரை ஒதுங்கிய அந்தக் கப்பல் மரம்தான். அதைக் கடல் கொடுத்த சீர் என்பார்கள்.

தொல்லியல் அதிகாரி ஒரு பெண். அவர் வந்து மரங்களில் மஞ்சள் நாடா கட்டினார். காவலுக்குப் பெர்பெத்தம்மாளின் கொழுந்தன் இன்னாசியை வைத்தார். "வீடுகளில் இருக்கும் பழைய மரத்தைக் கேட்கமாட்டோம். இனி எடுத்தால் வழக்கு. ஊருக்குச் சொல்லிவிடுங்கள்" என்றார். யார் எடுக்கப் போகிறார்கள் என்று இன்னாசி சும்மா இருந்துவிட்டான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கரை ஒதுங்கிய மரத்தில் துணி கட்டியவர் அடுத்த பௌர்ணமிக்குள் எடுத்துப் போகவேண்டும். தவறினால் யாரும் எடுக்கலாம். பௌர்ணமி போயிற்று, நாடா அப்படியே இருந்தது. பெர்பெத்தம்மாளின் புருஷன் கஸ்பார் ஒரு மரத்தைக் கொண்டுவந்து, சரியும் கூரைக்கு முட்டுக் கொடுத்தான். அதன் கீழேதான் பிள்ளையின் தொட்டில்.

இன்னாசி பார்த்து வெலவெலத்துப் போனான். அதிகாரி சொன்னதை அப்போதுதான் சொன்னான்.

"ஏங்க, போலீஸ் வந்தா கைப்பிள்ளையோட நான் எங்க போவேன்?"

"நாய் குரைச்சாலே ஜெபமாலைய எடுக்கிறவ நீ. வாயத் திறக்காம இரு" என்றான் கஸ்பார்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறைத்தால் புருஷனுக்குச் சிறை. சொன்னால் மரம் போகும், கூரை பிள்ளைமேல் விழும்.

கரையில் ஒரு மரம் குறைவதைப் பார்த்து அதிகாரி வீடு வீடாகத் தேடி வந்தார். முட்டுக் கொடுத்த மரத்தைத் தடவினார். விரலில் ஈரமும் உப்பும் ஒட்டின.

"இது எப்போது வைத்தது?"

"எங்க பாட்டன் காலத்துலங்க" என்றான் கஸ்பார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றான் இன்னாசி.

பெர்பெத்தம்மாள் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "போன வாரம் வச்சதும்மா" என்றாள்.

மூவரில் யார் செய்தது சரி? யார்மேல் பிழை அதிகம்?

விடை: வழக்கப்படி எடுத்த வரைக்கும் கஸ்பார் திருடன் இல்லை, பொய் சொன்னபோதுதான் திருடனானான். அதிகாரிக்கு ஊர் வழக்கம் தெரியாது, ஊருக்கு நாடாவின் பொருள் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் இன்னாசி ஒருவனே, பெரும்பிழை அவனுடையது. சரியாகச் செய்தவள் பெர்பெத்தம்மாள். வேறு முட்டு வரும்வரை அதிகாரி மரத்தில் கைவைக்கவில்லை, வழக்கும் போடவில்லை. ஆனால் வாய் திறந்தபோது அது அவளுக்குத் தெரியாது.